உப்புக்காற்றில் ஒரு வீடு: வட சென்னையில் வீடு தேடுவோருக்குத் திறந்த மடல்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்த் தெருக்களில் சொந்த வீடு தேடி அலையும் குடும்பங்களுக்கு,



2021-ஆம் ஆண்டின் பின்பாதியில், நான்கு மாத இடைவெளியில், வட சென்னையின் இரண்டு குடியிருப்புகள் செய்தியில் அடிபட்டன. ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்கா. குடிசை மாற்று வாரியம் கட்டிய புத்தம்புது அடுக்குமாடி அது. குடியேறியவர்கள் சுவரை விரலால் சுரண்டிக் காட்ட, பூச்சு மாவாக உதிர்ந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பொறியாளர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. தரத்தைச் சோதிக்க ஐ.ஐ.டி. வல்லுநர்கள் வந்தார்கள். டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளம். அதே வாரியம் 1993-இல் கட்டிய குடியிருப்பு. விரிசல் விரிவதைக் கண்டு மக்கள் அலறியடித்துக்கொண்டு வெளியேறினார்கள். சற்று நேரத்தில் 24 வீடுகள் அப்படியே சரிந்து குவியலாயின. நல்லவேளை, உயிர் ஒன்றும் போகவில்லை.

வீடு வாங்கக் கிளம்புகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. "புதுசுன்னா முப்பது வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேணாம்" என்பது ஒரு கட்சி. "அந்தக் காலத்துக் கட்டடம் மாதிரி வருமா?" என்பது இன்னொன்று. அந்த இரண்டு சம்பவங்களும் இரண்டு கட்சியின் வாயையும் அடைக்கப் போதுமானவை.

இந்த மடல் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கவில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்தப் பகுதியில், கட்டடத்துக்கு என்ன வயது என்று கேட்பதால் பெரிய பலன் இல்லை. உள்ளே கம்பி இருக்கிறதா, இருந்தால் அதை உப்பு தொட்டுவிட்டதா என்று கேட்டால் பலன் உண்டு. அப்படிப் பார்த்தால் விற்பனைக்கு வரும் வீடுகள் மூன்று வகை. கம்பியே இல்லாத சுண்ணாம்புக் காலத்து வீடு. 1980-களிலும் 90-களிலும் எழும்பிய கான்கிரீட் பிளாட். நேற்றுப் பெயின்ட் காய்ந்த புது பிளாட். புரோக்கர்கள் முதல் இரண்டையும் 'பழசு' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சுண்ணாம்பு வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். ராயபுரம் ரயில் நிலையத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. கட்டடம் இன்னும் நிற்கிறது, அதுவும் துறைமுகத்தை ஒட்டி, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இதே உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டு. அதே காலத்து முறையில் கட்டிய வீடுகள் ராயபுரத்தின் உட்தெருக்களில் ஆங்காங்கே மிச்சமிருக்கின்றன. கை நீட்டினால் முழங்கை வரை உள்ளே போகும் அளவுக்குத் தடித்த செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மேலே தேக்கு உத்தரங்கள், அவற்றின் மீது மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். உள்ளே நுழைந்தால் மே மாதத்திலும் ஒரு குளிர்ச்சி. இந்த வீடுகளில் துருப்பிடிக்க இரும்பே கிடையாது. உப்பு சுவரில் பூக்கும், பூச்சைப் பொரிக்கும், ஆனால் வீட்டின் முதுகெலும்பை உடைக்காது.

அதற்காக அது சிரஞ்சீவி என்று அர்த்தமில்லை. தேக்கு உத்தரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் செருகியிருக்கும் நுனிதான் ஓதத்தில் ஊறி உளுத்துப் போகும். கண்ணுக்குத் தெரியாத இடம் அது. ஒரு தச்சரை அழைத்துப்போய் உளியால் குத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். இன்னொரு வினை, நல்லெண்ணத்தில் செய்த ரிப்பேர். சுண்ணாம்புச் சுவருக்கு மேலே சிமென்ட் பூசியிருந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். பூச்சு பெயரும், மறுபடி பூசுவார்கள், மறுபடி பெயரும். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்தும் கீழ்ச்சுவர் இடுப்பளவுக்கு உப்பு பூத்து நிற்கும் வீடுகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

இந்தத் தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. பக்கத்து வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒரே சுவராக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கே இடித்துக் கட்ட முடிவு செய்தால் உங்கள் உத்தரம் எதன் மீது உட்காரும்? வாங்கும் முன் பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி இது. பழைய வீட்டில் கைவைப்பதும் விளையாட்டல்ல. 2023 ஏப்ரலில் பாரிமுனை அரண்மனைக்காரன் தெருவில் ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடம், புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இடிந்து விழுந்தது. "வாங்கிப் போட்டு உள்ளே ரெண்டு சுவரை எடுத்துட்டு ஹாலைப் பெருசு பண்ணிக்கலாம்" என்று சொல்லும் மேஸ்திரியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். இந்த வீடுகளில் பாதிச் சுவர்கள் பாரம் தாங்குபவை.

அப்புறம் தெரு மட்டம். படியேறிப் போன வீடுகள் இன்று படியிறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்ததன் விளைவு. சாலையைச் சுரண்டிய பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன் உயர்ந்தது உயர்ந்ததுதான். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் வேலை கம்பி கட்டிய வீடுகளிலேயே சிக்கலானது. பொதுச்சுவரோடு நிற்கும் சுண்ணாம்பு வீட்டில் அதை நினைத்தும் பார்க்க முடியாது.

இனி இரண்டாவது வகை. இந்த மடலின் கவலை அதிகமும் இதன் மீதுதான்.

கான்கிரீட்டுக்கு இயல்பிலேயே காரத்தன்மை உண்டு. அந்தக் காரம் கம்பியின் மேல் மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கித் துரு அண்டாமல் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை உடைக்கிறது. காற்றிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே இறங்கியும் வரலாம். கட்டும்போதே தண்ணீரிலும் மணலிலும் கலந்து வந்திருக்கவும் செய்யலாம். துருவேறிய இரும்பு பருத்துக்கொண்டே போகும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். பிளந்த இடத்தில் காற்றும் நீரும் இன்னும் தாராளமாக நுழையும். ஆரம்பித்தால் வேகமெடுக்கிற நோய் இது.

இதற்குத் தடுப்பு இரண்டுதான்: கம்பிக்கு மேலே போதுமான கனத்தில் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், அந்தக் கான்கிரீட் நெருக்கமானதாக இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம் 30 தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேலே 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. அதற்கு முந்தைய 1978 பதிப்பில் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கே எம் 15 தரம் போதும். ஆக, 1980-களிலும் 90-களிலும் எழும்பிய பிளாட்டுகள் தளர்வான விதியின் கீழ், பெரும்பாலும் மேஸ்திரியின் கை அளவில் கலந்த கலவையில், கடலுக்குப் பக்கத்தில் எழும்பியவை. விதிவிலக்குகள் உண்டு, நல்ல பொறியாளர்கள் எந்தக் காலத்திலும் இருந்தார்கள். ஆனால் வாங்குபவர் விதிவிலக்கை நம்பிப் பணம் கட்ட முடியாது.

இப்படி ஒரு பிளாட்டைப் பார்க்கப் போனால் ஹாலின் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பிறகு ரசித்துக்கொள்ளலாம். முதலில் பால்கனிக்கு வெளியே தலையை நீட்டி, மேல்வீட்டுப் பால்கனியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சன்ஷேடின் கீழ்விளிம்பில் கம்பி போகும் கோட்டிலேயே நேராக ஒரு விரிசல் ஓடி, அதன் ஓரத்தில் பழுப்புக் கறை கசிந்திருந்தால், உள்ளே வேலை தொடங்கிவிட்டது. பாத்ரூம் மேல்தளத்தை ஒரு நீளக் கழியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் கணீரென்று பேசும். பெயர்ந்து நிற்கும் இடம் 'பொத்' என்று ஊமையாக ஒலிக்கும். மாடிப்படியின் அடிப்பகுதி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்கள், தரைத்தளத்தில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்பை ஒட்டிய தூண்கள், இவை மூன்றும் பெயின்ட் அடிக்க மறந்துபோகிற இடங்கள் என்பதால் உண்மை பேசும். விற்கிற வீட்டில் மட்டும் புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை. கேட்டதும் வீட்டுக்காரர் முகம் போகிற போக்கும் ஒரு சோதனை முடிவுதான்.

இதற்கு மேல் கருவிகள் இருக்கின்றன. கான்கிரீட்டின் கெட்டியைச் சொல்லும் சுத்தியல் சோதனை, உள்ளே ஒலி அனுப்பிப் பார்க்கும் சோதனை, கம்பியில் துரு ஓடுகிறதா என்று மின்னழுத்தம் கொண்டு அளக்கும் சோதனை. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வைத்து இவற்றைச் செய்ய ஆகும் செலவு, நீங்கள் கொடுக்கப்போகும் புரோக்கர் கமிஷனோடு ஒப்பிட்டால் பெரிதாகத் தெரியாது. கமிஷனை முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டுச் சோதனைக்குக் கை இறுக்குவது நம் ஊரில் மட்டும் நடக்கிற அதிசயம்.

இது வட சென்னைக்கு மட்டும் வந்த விதியல்ல. அமெரிக்காவின் மயாமி அருகே சர்ஃப்சைடில், கடற்கரையை ஒட்டி 1981-இல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு 2021 ஜூன் 24 விடியுமுன் சரிந்து 98 பேர் இறந்தார்கள். கான்கிரீட் சிதைந்து வருவதைப் பொறியாளர் ஒருவர் முன்பே எழுத்தில் எச்சரித்திருந்தார். செலவை யார் எப்படிப் பகிர்வது என்ற இழுபறியில் வேலை தள்ளிப்போனது. அடுத்த ஆண்டே புளோரிடா மாநிலம், 30 ஆண்டு கடந்த, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகளுக்குக் கட்டமைப்புச் சோதனையைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது. ராயபுரத்து மூன்று மாடிப் பிளாட்டிலும் இழுபறி அச்சாக அப்படியேதான் இருக்கும். உங்கள் வீட்டின் மேல்தளம் மேல்வீட்டுக்காரரின் தரை. தூண்கள் எல்லோருக்கும் பொது. உங்கள் வீட்டுக்குள் மட்டும் லட்சக்கணக்கில் செலவழித்து ரிப்பேர் செய்தால் கட்டடம் பிழைத்துவிடாது. ஆகவே வாங்கும் முன் வீட்டுக்காரரைவிட அதிகமாக விசாரிக்க வேண்டியது மற்ற வீட்டுக்காரர்களை. சங்கம் இருக்கிறதா, பராமரிப்பு நிதி என்று வங்கியில் ஏதாவது கிடக்கிறதா, கடைசியாக எல்லோரும் சேர்ந்து செய்த வேலை எது? "மோட்டார் மாத்தினோம்" என்பது மட்டுமே பதிலாக வந்தால் நிலைமை புரிந்துவிடும்.

அப்படியென்றால் இந்த 90-களின் பிளாட்டை யாருமே வாங்கக்கூடாதா? வாங்கலாம். ஆனால் வீடாக நினைத்து அல்ல, நிலமாக நினைத்து. கணக்கு இதுதான். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. தளப்பரப்பு விகிதம் 1.5 ஆக இருந்தபோது அதில் 3,600 சதுர அடி கட்டலாம். 900 சதுர அடியில் நான்கு வீடு. ஒரு வீட்டுக்கு 600 சதுர அடி நிலம், அதாவது யூ.டி.எஸ். எனும் பிரிபடாத பாகம். 2019 விதிகள் விகிதத்தை 2 ஆக்கின. இப்போது அதே 900 சதுர அடி வீட்டுக்கு 450 சதுர அடி நிலம்தான் தேறும். பழைய பிளாட்டில் சுவர் தேய்ந்திருந்தாலும் அடியில் மண் கூடுதல். 2022-இல் நிறைவேறி 2024-இல் அமலுக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடி குடியிருப்பு உரிமையாளர் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்ட வழிவிடுகிறது. முன்பு ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலும் எல்லாம் நின்றுவிடும். எனவே பத்திரத்தில் யூ.டி.எஸ். எவ்வளவு என்று பார்த்து, அந்த நிலத்தின் விலையை மட்டும் கொடுங்கள். சுவருக்கும் சீலிங்குக்கும் ஒரு பைசா சேர்க்காதீர்கள். விற்பவர் 'செமி ஃபர்னிஷ்டு' என்று விலையை ஏற்றப் பார்ப்பார்.

மூன்றாவது வகைக்கு வருவோம். ராயபுரத்தில் 'புதுசு' என்றால் பழைய மகாபலிபுரம் சாலையில் நீச்சல்குளத்தோடு நிற்கும் கோபுரங்கள் அல்ல. ஒரு பழைய வீட்டை இடித்து, நிலத்துக்காரரும் பில்டரும் பாதிப் பாதி என்று ஜாயின்ட் வென்ச்சர் போட்டு, கீழே வண்டி நிறுத்த இடம் விட்டு, மேலே ஆறோ எட்டோ வீடு எழுப்புவதுதான் இங்கே வழக்கம். இந்த அளவுதான் சூட்சுமம். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், எல்லோரும் ரெரா என்று சொல்வது, வாங்குபவருக்குப் பெரிய கவசம். வாங்கியவர்களிடமிருந்து வரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும். ஒப்பந்தம் பதியாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாமலும் வீடுகள் எட்டைத் தாண்டாமலும் இருந்தால் ரெராவில் பதியவே தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது இரண்டு கிரவுண்டுக்குச் சற்று மேலே. ராயபுரத்து உட்தெருவில் அவ்வளவு பெரிய மனை எங்கே கிடைக்கிறது? ஆக, எந்தச் சட்டத்தை நம்பிப் 'புதுசே மேல்' என்று முடிவுக்கு வருகிறீர்களோ, அந்தச் சட்டத்தின் பதிவேட்டில் உங்கள் கட்டடம் இல்லாமல் போகலாம்.

பதிவு இல்லை என்பதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அந்த ஐந்தாண்டுப் பொறுப்பை உங்கள் கட்டுமான ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்தாக எழுதச் சொல்லுங்கள். நல்ல பில்டர் எழுதுவார்.

சட்டத்தைவிட முக்கியம் தண்ணீர். இந்தப் பகுதியில் போர் போட்டால் பல தெருக்களில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. குடிக்க மெட்ரோ தண்ணீர், மற்றதற்குப் போர் என்று பழகிப்போன நமக்கு, கட்டட வேலையில் எந்தத் தண்ணீர் போகிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை. கம்பி கட்டிய கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது அதே ஐ.எஸ். 456. லாரித் தண்ணீர் செலவை மிச்சம் பிடிக்க மனையிலேயே போட்ட போரிலிருந்து குழாயை நீட்டிக் கலவை போட்டால், உப்புக்காற்று இருபது வருஷத்தில் செய்கிற வேலையைக் கட்டடம் பிறக்கும்போதே செய்தாகிவிட்டது. இதைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. கடலே இல்லாத குருகிராமில், சிண்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பின் ஒரு பகுதி 2022 பிப்ரவரி 10 அன்று இடிந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதிக ஆண்டுகள் ஆகாத கட்டடம். ஆராய்ந்த டெல்லி ஐ.ஐ.டி. குழு கான்கிரீட்டிலேயே குளோரைடு கலந்திருந்ததைக் கண்டது, கம்பிகள் துருவேறிப் போயிருந்தன. கடலில்லாத ஊரிலேயே அந்தக் கதி.

எனவே வேலை நடக்கும்போதே போய்ப் பாருங்கள், முடிந்தால் வார நாளில், சொல்லாமல். சென்ட்ரிங் பலகை மீது கம்பி கட்டியிருக்கும்போது, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சின்னச் சின்னச் சிமென்ட் கட்டைகள், கவர் பிளாக் என்பார்கள், இருக்க வேண்டும். அவற்றுக்குப் பதில் உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுத்திருந்தால், கான்கிரீட் ஊற்றும்போது நாலு பேர் மிதித்ததும் கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்ளும். 45 மில்லிமீட்டர் மூடல் காகிதத்தில் மட்டும் இருக்கும். ரெடிமிக்ஸ் லாரி வந்தால் அதன் டெலிவரிச் சீட்டில் கான்கிரீட்டின் தரம் அச்சாகியிருக்கும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் ஒரு மழை மாலையில் விழுந்து 61 பேர் இறந்தார்கள். அங்கே முன்பணம் கட்டியிருந்தவர்களில் எத்தனை பேர் வேலை நடந்ததைப் போய்ப் பார்த்தார்களோ தெரியாது. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

காசுக் கணக்கு கொஞ்சம். 2023 டிசம்பர் முதல், புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 50 லட்சம் வரை 6 சதவீதம். அதற்கு மேல் மூன்று கோடி வரை 7 சதவீதம். கைமாறும் பழைய வீட்டுக்கு வழக்கமான 9. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டு: விலை 45 லட்சத்துக்குள், உள்பரப்பு 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் 1 சதவீதம், இல்லையென்றால் 5. பணி முடிவுச் சான்று வாங்கியபின் விற்கும் வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. 45 லட்சத்து வீட்டில் இது எப்படி விளையாடுகிறது பாருங்கள். பழையதென்றால் பதிவுக்கு 4,05,000. புதியது, 60 சதுர மீட்டருக்குள் என்றால் வரியும் சேர்த்து 3,15,000. அதே புதியது ஒரு அறை கூடி 60 சதுர மீட்டரைத் தாண்டினால் 4,95,000. வங்கியைப் பொறுத்தவரை 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் உச்சவரம்பு. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. பழைய கட்டடமென்றால் மதிப்பீட்டாளர் இன்னும் மிச்சமிருக்கும் ஆயுளைப் பார்ப்பார். கடன் தவணைக் காலமும் அதற்கேற்பச் சுருங்கலாம்.

பழைய வீட்டில் சுவரைவிடப் பத்திரம் பழசு. வில்லங்கச் சான்று இணையத்தில் குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் சுலபமாகக் கிடைக்கிறது. அதற்கு முந்தையதைப் பதிவு அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுப் போட வேண்டும். தாத்தா வாங்கி, அப்பா அனுபவித்து, இப்போது அண்ணன் தம்பி மூவர் விற்கிறார்கள் என்றால், அத்தைகளும் அக்கா தங்கைகளும் எங்கே என்று கேளுங்கள். தமிழ்நாடு 1989-இலேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது, அன்று திருமணமாகாதவர்களுக்கு மட்டும். 2005-இன் மத்தியத் திருத்தம் அந்த வேலியை எடுத்தது. 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதே பிரச்சினை இல்லை, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை என்று தெளிவாக்கியது. "சீர் செஞ்சு அனுப்பிட்டோம் சார், அவங்க கேக்க மாட்டாங்க" என்ற வாய்மொழிக்கு மதிப்பில்லை. ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும்.

அடிமனை என்ற வில்லங்கம் ஒன்று இங்கே தனியாக உண்டு. கட்டடம் விற்பவருடையது, மண் ஒரு கோயிலுடையதோ அறக்கட்டளையுடையதோ. தலைமுறை தலைமுறையாகத் தரைவாடகை கட்டி வருவார்கள். 1921-இன் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்டவர்களுக்கு மண்ணை விலைக்குக் கேட்கும் உரிமை கொடுத்தது. 1996 திருத்தம் சமய நிறுவனங்களின் நிலத்தை அதிலிருந்து விலக்கியது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் 'மேற்படி இடத்திலுள்ள கட்டடம் மட்டும்' என்ற நான்கு வார்த்தை இருக்கிறதா என்று வக்கீலை உருப்பெருக்கி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடலுக்கு அருகே என்றால் இன்னொரு காகிதமும் வேண்டும். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகிறது. காசிமேட்டிலும் ராயபுரத்தின் கிழக்குத் தெருக்களிலும் எழும்பும் புதுக் கட்டடத்துக்கு அந்த அறிவிக்கையின்படி அனுமதி இருக்கிறதா என்பது கேட்டே தீர வேண்டிய கேள்வி. கடல் இங்கே நின்ற இடத்தில் நிற்பதும் இல்லை. 1870-களில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதிலிருந்து தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே கரை அரிக்க, இன்று கருங்கல் கொட்டித்தான் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் கெட்ட சேதி அல்ல. முன்பெல்லாம் இந்தப் பக்கம் மொட்டை மாடியில் துணி காயப் போட்டால் கறுப்புத் தூசி படியும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது. அந்தக் கரி எண்ணூருக்குப் போனது என்பதை எண்ணூரில் வீடு பார்ப்பவர்கள் நினைவில் வைக்கவும். 2019-இல் வண்ணாரப்பேட்டை வரை வந்த மெட்ரோ, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. விலை ஏறியதும் அதனால்தான். பில்டர்கள் பழைய வீட்டுக்காரர்களின் கதவைத் தட்டுவதும் அதனால்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். இங்கே வீடு பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் கிளம்புகிறார்கள், பிள்ளைகளுக்கு லீவு என்று. அந்த வெயிலில் எந்தச் சுவரும் நல்ல சுவர்தான். பிடித்த வீடுகளை அப்போது குறித்து வைத்துக்கொண்டு, ஐப்பசி கார்த்திகையில், நல்ல மழை கொட்டிய மறுநாள் அதே வீடுகளுக்கு மறுபடி போங்கள். தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறது, வாசல் தாண்டி உள்ளே வந்த கோடு சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது, மேல்தளத்தில் ஈரவட்டம் எங்கே, கழிவுநீர் எதிர்த்துக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். லிப்ட் குழிக்குள் எட்டிப் பாருங்கள், புதுக் கட்டடத்தில் அங்கேதான் முதலில் ஊற்றெடுக்கும். பத்திரத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் புரோக்கர், "அதுக்குள்ள வேற பார்ட்டி அட்வான்ஸ் கொடுத்துடுவாங்க" என்பார். கொடுக்கட்டும்.